உழவு இயந்திரத்துக்கும் இறைப்பு இயந்திரத்துக்கும் எண்ணெய் மாற்றுதல்

எருதுகளைக் கொண்டு உழுத காலத்தில், உழைத்துக் களைத்த மாட்டைக் குளிப்பாட்டித் தீனி போட்டு இளைப்பாற விடாத கமக்காரரைக் காண்டல் அரிதாயிருந்தது. மாடு தன் களைப்பைத் தானே காட்டிவிடும். நடை தளரும், வாயில் நுரை தள்ளும், அதற்கும் இரங்காவிடின் சேற்றிலே படுத்துவிடும். இயந்திரமோ அத்தன்மையதன்று. அதன் உள்ளுறுப்புகள் தேய்ந்துகொண்டிருக்கும் காலம் முழுவதும் அது முன்போலவே ஓடிக்கொண்டிருக்கும். தேய்வு வெளியே தெரியவரும் நாளில், பட்டறைக்குக் கொண்டுசெல்வதன்றி வேறொன்றும் செய்வதற்கில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்னர், இரணைமடுக் குளத்தின் கீழ்ச் சிறுபோகம் செய்த ஒரு கமக்காரரின் வயலுக்குச் செல்ல நேர்ந்தது. சிறுபோகத்தில் குளத்திலுள்ள நீரின் அளவைக் கொண்டே எத்தனை ஏக்கர் விதைப்பது, எந்நாளில் நீர் திறப்பது என்பன கூட்டத்திலே தீர்மானிக்கப்படும் என்பதை அப்பகுதியார் அறிவர். அவருக்குக் கிடைத்த பங்கு இரண்டு ஏக்கர். நான்கு புசல் விதைநெல்லை ஒரு நாள் ஊறவைத்துச் சாக்கிற் கட்டி முளைக்க விட்டிருந்தார். உழவு முடிந்து, வயலைச் சேறாக்கிக்கொண்டிருந்த வேளையில், அவருடைய இரு சக்கர உழவு இயந்திரம் பெரும் ஓசையொன்றுடன் நின்றுவிட்டது. கைப்பிடியைப் போட்டுச் சுழற்ற முயன்றோம். அது இம்மியும் அசையவில்லை. அயலவரின் இயந்திரங்கள் யாவும் அவரவர் வயலில் இறங்கியிருந்தன. நீர் திறந்த காலத்தில் எவர்தாம் தம் இயந்திரத்தைப் பிறருக்குக் கொடுப்பர்? வாடகைக்கு ஒன்று வந்து சேர்ந்தபோது மூன்று நாட்கள் கழிந்துவிட்டன. சாக்கினுள்ளே இருந்த முளைநெல் சூடேறி, வேரோடு வேர் பின்னி, புளித்த மணம் வீசத் தொடங்கியிருந்தது. அதில் ஒரு பங்குதானும் விதைப்பதற்கு உதவவில்லை.

அவ்வியந்திரத்தின் அடியிலுள்ள எண்ணெய் வடிக்கும் திருகாணியை மறுநாள் கழற்றிப் பார்த்தோம். எண்ணெய் ஒழுகி வரவில்லை. தார் போன்ற கசடு கட்டிகட்டியாக இறங்கிற்று. "எண்ணெய் குறைய நான் ஒருநாளும் விட்டதில்லைத் தம்பி" என்று அவர் மனம் நொந்து கூறினார். அவர் கூறியது பொய்யன்று. நாள்தோறும் காலையில் அளவுகோலை உருவிப் பார்த்து, குறைந்ததை ஊற்றியே வந்திருக்கிறார். ஆனால், இயந்திரம் வாங்கிய நாள்தொட்டு நான்கு போகங்களாகப் பழைய எண்ணெயை ஒரு தடவையேனும் முழுவதும் வடித்து அகற்றியதில்லை. கஞ்சிப் பானையைக் கழுவாமல் அதன்மேலேயே புதுக்கஞ்சி வார்த்து வந்தாற் போன்றது அது. ஊற்றுதல் வேறு, மாற்றுதல் வேறு என்பதை நம்மவருட் பலர் இன்னும் உணரவில்லை. இக்கட்டுரையை எழுதத் தூண்டியதும் அதுவே.

எண்ணெய் எதனாற் கெடுகிறது?

நீர் இறைக்கும் சிறிய இயந்திரம் ஒன்று முழு வேகத்தில் ஓடும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 முறை சுழலும். ஒவ்வொரு சுழற்சியிலும் பிஸ்டன் ஒருமுறை மேலேறி ஒருமுறை கீழிறங்கும். நான்கு மணி நேரம் தோட்டத்துக்கு இறைத்தால், எட்டு இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகள் இரும்பும் இரும்பும் உரசவேண்டியிருக்கும். அவ்வாறு உரசாமல் இடையில் நிற்பது, தலைமயிரின் பருமனிலும் எத்தனையோ மடங்கு மெல்லியதான எண்ணெய்ப் படலம் ஒன்றே. உராய்வைத் தடுப்பது மட்டும் அதன் வேலையன்று. பிஸ்டனின் வெப்பத்தை வாங்கி வெளியே கொண்டுவருவதும், பிஸ்டன் வளையங்களுக்கும் சிலிண்டருக்கும் இடையிலுள்ள நுண்ணிய வெளியை அடைத்து அழுத்தம் கசியாமற் காப்பதும், கரியையும் இரும்புத் துகளையும் கழுவித் தன்னுள் ஏந்திக்கொள்வதும், துருவைத் தடுப்பதும் அதன் பணிகளாகும்.

இவ்வளவையும் செய்யும் எண்ணெய்க்கு வந்து சேரும் பகைகளும் பல. எரிபொருள் எரியும்போது உண்டாகும் கரியிலும் வாயுக்களிலும் சிறு பகுதி பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எண்ணெய்த் தொட்டியுள் இறங்கும். பலர் அறியாத செய்தி ஒன்றுண்டு: ஒரு லீற்றர் பெற்றோலோ டீசலோ எரிந்து முடியும்போது ஏறக்குறைய ஒரு லீற்றர் நீரும் ஆவியாக உண்டாகிறது. அதன் பெரும்பகுதி புகைக்குழாய் வழியே போய்விடும். உள்ளே இறங்கும் சிறு பகுதியானது, இயந்திரம் நன்கு சூடாக இருந்தால் மீண்டும் ஆவியாகி வெளியேறும். பத்து நிமிடம் ஓட்டிவிட்டு நிறுத்திவிட்டால் குளிர்ந்து நீர்த்துளியாகி எண்ணெயோடு கலந்துவிடும். டீசலிலுள்ள கந்தகம் எரிந்து இந்நீரோடு சேரும்போது அமிலம் தோன்றுகிறது. அமிலம் இரும்பை அரிக்கும் என்பதைச் சொல்லவேண்டியதில்லை.

நல்ல எண்ணெயைத் தயாரிப்போர், அமிலத்தை முறிப்பதற்கும் கரியைக் கட்டியாகத் திரளவிடாது தாங்குவதற்கும் சில மருந்துகளை அதனுட் கலந்தே விற்கின்றனர். அம்மருந்துகள் வேலை செய்யச் செய்யத் தீர்ந்துபோகின்றன. தீர்ந்த பின்னரே கரி திரண்டு கசடாகிறது. அமிலம் தடையின்றி அரிக்கிறது. எண்ணெயின் அளவு குறையாதிருந்தும் அதன் குணம் போய்விடுவது இதனாலேயே.

இங்கே நிறத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை கூறவேண்டும். "எண்ணெய் கறுத்துவிட்டது, ஆகவே கெட்டுவிட்டது" என்போரும், "இன்னும் கறுக்கவில்லை, ஆகவே நல்லது" என்போரும் சமமாகவே தவறுகின்றனர். டீசல் இயந்திரத்தில் புதிய எண்ணெய் ஊற்றிச் சில மணி நேரத்துள் அது கறுத்துவிடும். கரியைத் தன்னுள் ஏந்துகிறது என்பதற்கே அது அடையாளம். பெற்றோல் இயந்திரத்திலோ, எண்ணெய் நெடுநாட் பொன்னிறமாகத் தோன்றினும் அதன் மருந்து தீர்ந்திருக்கக் கூடும். ஆனால் பால்போல வெளுத்த எண்ணெயைக் கண்டால் நீர் புகுந்துள்ளது என்று ஐயமின்றிக் கொள்ளலாம். அவ்வாறு காணின் இயந்திரத்தை உடனே நிறுத்தி, நீர் புகுந்த வழியைத் தேடவேண்டும்.

மணிக்கணக்கே கணக்கு

கார் வைத்திருப்போர், எண்ணெயின் தரத்துக்கேற்ப 5,000 கிலோமீற்றருக்கோ 10,000 கிலோமீற்றருக்கோ ஒருமுறை எண்ணெய் மாற்றுவர். ஓடிய தூரத்தைக் காட்டும் கருவி காரில் உண்டு. நமது இயந்திரங்களோ ஓரிடத்தில் நின்று இறைப்பன, அன்றேல் வயலுக்குள்ளேயே சுற்றி வருவன. ஆகவே அவற்றுக்கு ஓடிய நேரமே கணக்கு. மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் ஓடும் காரொன்று 5,000 கிலோமீற்றர் செல்வதற்கு 100 மணி நேரம் எடுக்கும். நமது இறைப்பு இயந்திரமும் ஓரிடத்தில் நின்றபடியே 100 மணி நேரத்தில் அத்துணை உழைப்பைச் செய்துவிடுகிறது. உண்மையில் அதன் உழைப்புக் காரினதைவிடக் கடினமானது. கார் இறக்கத்தில் இளைப்பாறும்; இறைப்பு இயந்திரத்துக்கு இறக்கம் என்பதே இல்லை.

வேறொரு குறைவும் உண்டு. காரில் எண்ணெயைச் சுற்றிவரச் செய்யும் பம்பும், அதனைச் சுத்தஞ் செய்யும் வடிகட்டியும் உள்ளன. டீசல் உழவு இயந்திரங்கள் பெரும்பாலானவற்றிலும் அவை ஏதோவொரு வகையில் உண்டு. சிறிய பெற்றோல், மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்கள் பலவற்றில் இரண்டுமே இல்லை. பிஸ்டனைத் தாங்கும் தண்டின் அடியிற் கரண்டி போன்ற ஒரு நாக்கு உண்டு. அது சுழலுந்தோறும் கீழேயுள்ள எண்ணெயை அள்ளி எங்கும் தெறிக்கிறது. அவ்வளவே ஏற்பாடு. வடிகட்டி இன்மையால், எண்ணெயிற் சேர்ந்த இரும்புத்துகள் அதே எண்ணெயோடு மீண்டும் மீண்டும் தெறித்துத் தேய்வைப் பெருக்கும். இயந்திரத்தைச் சரிவான கிணற்றுக்கட்டிற் சாய்த்து வைத்தாலோ எண்ணெய் ஒருபுறம் ஒதுங்கி, நாக்கு வெறுங்காற்றையே அள்ளும். இறைப்பு இயந்திரத்தை மட்டமான இடத்தில் வைக்க வேண்டும் என்று கூறுவது அழகுக்காகவன்று.

இத்தகைய சிறு இயந்திரத்தின் எண்ணெய்த் தொட்டி ஏறக்குறைய 600 மில்லிலீற்றரே கொள்ளும். ஒரு போத்தலிலும் குறைவு. புதிய இயந்திரமாயின் முதல் 20 மணி நேரத்தின் பின்னர் ஒருமுறை கட்டாயம் மாற்றவேண்டும். புதிய உறுப்புகள் ஒன்றுக்கொன்று இசைந்து வரும்போது உதிரும் துகள் யாவும் அம்முதல் எண்ணெயிலேயே கிடக்கும். அதன் பின்னர் 100 மணிக்கு ஒருமுறை, அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இவற்றுள் எது முந்துகிறதோ அப்போது மாற்றலாம். உழவு இயந்திரங்களுக்கு அவ்வவற்றின் கைந்நூலிற் கூறிய மணிக்கணக்கையே கைக்கொள்ளவேண்டும். கைந்நூல் தொலைந்துபோயின், அதே வகை இயந்திரத்தை விற்பவரிடம் கேட்டு அறிந்து, இயந்திரத்தின் மூடியிலேயே தீந்தையால் எழுதிவைத்தல் நன்று.

100 மணி என்பதை நம் வேலையோடு பொருத்திப் பார்ப்போம். மூன்று நாளைக்கு ஒருமுறை நான்கு மணி நேரம் வெங்காயத்துக்கு இறைப்பவர் மாதத்துக்கு 40 மணி இறைக்கிறார். இரண்டரை மாதத்தில் 100 மணி நிறைந்துவிடும். ஆகவே சின்ன வெங்காயச் செய்கை ஒன்றுக்கு ஓர் எண்ணெய் மாற்றம் என்று மனத்திற் கொண்டால் பெரிதும் பிழையாகாது. உழவு இயந்திரத்தை நாளுக்கு எட்டு மணி நேரம் ஓட்டினால் பதின்மூன்றாம் நாளிலேயே 100 மணி கடந்துவிடும். தம் வயலோடு நில்லாது கூலிக்கும் உழுது கொடுப்போர், ஒரு போகத்து உழவு முடியுமுன்னரே எண்ணெய் மாற்றவேண்டியவராயிருப்பர். அந்த அவசரத்தில் அரை நாளை இழக்க மனம் ஒருப்படாது என்பதை அறிவேன். ஆயினும் மாலையில் இயந்திரம் கரையேறியதும், அதன் சூடு ஆறுமுன்னர் இவ்வேலையைச் செய்தால் அரை மணி நேரத்துக்கு மேற் செல்லாது.

மணிகளை எண்ணுவது எங்ஙனம் என்று கேட்கலாம். இறைப்புக் கொட்டிலின் சுவரிற் கரிக்கட்டியாற் கோடிட்டு வருவோர் உளர், அது போதும். அதிலும் இலகுவான வழி எரிபொருளைக் கொண்டு அளத்தலாகும். தாங்கியை முட்ட நிரப்பி, சரியாக ஒரு மணி நேரம் இறைத்தபின் மீண்டும் முட்ட நிரப்பவேண்டிய அளவைப் பாருங்கள். அது ஒரு லீற்றராயின், 100 லீற்றர் எரிபொருள் முடியும் நாள் எண்ணெய் மாற்றும் நாள். எரிபொருள் வாங்கிய கணக்கை எப்படியும் எழுதி வைப்போம் அல்லவா?

மண்ணெண்ணெயில் ஓட்டுவோர் கவனத்துக்கு

வடபகுதித் தோட்டங்களில் நெடுங்காலமாக மண்ணெண்ணெய் இறைப்பு இயந்திரங்களே வழங்கி வந்தன. 1990 ஆம் ஆண்டின் பின்னர் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குப் பெற்றோல் வராதிருந்த காலத்தில், பழைய கார்களையும் மோட்டார் சைக்கிள்களையும் சில துளி பெற்றோல் கொண்டு கிளப்பிப் பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டியதை அக்காலத்தவர் மறந்திரார். அவ்வாறு ஓடிய இயந்திரங்களின் எண்ணெய் எத்துணை விரைவாக நீர்த்துப் போயிற்று என்பதை அந்நாளைய மெக்கானிக்குகளைக் கேட்டால் விரிவாகக் கூறுவர்.

காரணம் இதுதான். மண்ணெண்ணெய், பெற்றோலைப்போல எளிதில் ஆவியாவதில்லை. இயந்திரம் சூடேறுமுன்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிவிட்டால், எரியாத துளிகள் சிலிண்டரின் சுவர் வழியே இறங்கி, அங்குள்ள எண்ணெய்ப் படலத்தைக் கழுவிக்கொண்டு தொட்டியுட் சேரும். எண்ணெய் நீர்த்துப்போகும். அப்போது அளவுகோலிற் காணும் குறி குறைவதற்குப் பதிலாக ஏறியிருக்கும்! "எண்ணெய் குறையாத நல்ல இயந்திரம்" என்று அதனைக் கண்டு மகிழ்ந்த ஒருவரை நான் அறிவேன். அளவுகோலை மூக்கருகே பிடித்தால் மண்ணெண்ணெயின் மணம் உண்மையைச் சொல்லிவிடும். விரலிடையே தேய்த்துப் பார்த்தால் வழுவழுப்பு இன்றி நீர்போல இருக்கும்.

ஆகவே பெற்றோலிற் கிளப்பி, இயந்திரம் நன்கு சூடேறும்வரை ஓடவிட்டே மண்ணெண்ணெய்க்கு மாற்றுக. நிறுத்துமுன்னரும் சிறிது நேரம் பெற்றோலில் ஓடவிட்டு நிறுத்துக. இவ்வாறு செய்தும், மண்ணெண்ணெயில் ஓடும் இயந்திரத்துக்கு 100 மணிவரை காத்திராது 50 மணிக்கொருமுறை எண்ணெய் மாற்றுதலே நன்று என்பது என் கருத்து. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரேயடியாக உயர்ந்ததைத் தோட்டக்காரர் எவரும் மறந்திரார். வளையங்கள் தேய்ந்த இயந்திரம் அதே கிணற்று நீரை இறைப்பதற்குக் கூடுதலான எரிபொருளைக் குடிக்கும். 600 மில்லிலீற்றர் எண்ணெயை மிச்சம் பிடித்து, அதைவிடப் பன்மடங்கு எரிபொருளைப் புகையாக விடுவது எவ்வகையிற் சிக்கனமாகும்?

போகம் முடிந்தவுடன் மாற்றுக

நம்மிற் பெரும்பாலோர் எண்ணெய் மாற்றுவதற்கு நினைப்பது போகம் தொடங்கும் வேளையிலேயே. உழவுக்கு இறங்குமுன் இயந்திரத்தைத் துடைத்து, புது எண்ணெய் ஊற்றி, திருநீறும் பூசிக் கிளப்புவர். மாற்றாமல் விடுவதிலும் இது மேல்தான். ஆனால் அதற்குமுன் நடந்ததை எண்ணிப் பாருங்கள். சென்ற போகத்தின் அமிலமும் நீரும் கரியும் நிறைந்த எண்ணெய், இயந்திரம் கொட்டிலிற் கிடந்த மாதங்கள் முழுவதும் அதன் உள்ளேயே கிடந்தது. உழைத்த நாட்களில் நேர்ந்த தேய்வு ஒருபுறமிருக்க, உறங்கிய நாட்களில் நேர்ந்த அரிப்பு மற்றொருபுறம். ஆதலால் வேலை முடிந்து இயந்திரத்தைக் கொட்டிலில் விடும் நாளிலேயே பழையதை வடித்துப் புதியதை ஊற்றி, எண்ணெய் எங்கும் பரவும்படி சில நிமிடங்கள் ஓடவிட்டு நிறுத்திவைக்க வேண்டும். அடுத்த போகம் வரும்போது அவ்வெண்ணெயிலேயே வேலையைத் தொடங்கலாம். ஆறு மாதத்துக்கு மேற் கிடந்திருந்தால் மட்டும் மாற்றிக்கொள்ளவேண்டும்.

மாற்றும் முறை இலகுவானது. இயந்திரத்தைப் பத்து நிமிடம் ஓட்டிச் சூடாக்கி நிறுத்துக. சூடான எண்ணெய் இளகி ஓடும். கசடும் அதனோடு இறங்கும். பண்ணைப் பாடசாலையிற் பயின்ற காலத்தில், கை சுடுமென்று அஞ்சிக் காலையில் குளிர்ந்த இயந்திரத்தின் எண்ணெயை வடித்து, வேலை முடிந்ததென்று ஆசிரியரிடம் கூறினேன். அவர் மறுபேச்சின்றி இயந்திரத்தைச் சூடாக்கச் சொல்லி மீண்டும் திருகாணியைக் கழற்றுவித்தார். நான் ஊற்றிய புதிய எண்ணெயோடு, அடியில் ஒட்டிக்கிடந்த பழைய கசடெல்லாம் கறுப்பாக இறங்கி வந்தது. அந்த எண்ணெயும் வீண். என் காலைப்பொழுதும் வீண்.

வடித்தபின் கால் மணி நேரம் சொட்டவிட்டுத் திருகாணியையும் அதன் வாசரையும் துடைத்து இறுக்குக. சிலர் இவ்விடத்தில் மண்ணெண்ணெய் விட்டு உள்ளே அலசுவர். அலசிய மண்ணெண்ணெய் முழுவதும் வெளியேறாது மூலை முடுக்குகளில் தங்கிப் புதிய எண்ணெயைக் கெடுக்குமாதலால் அவ்வழக்கத்தைக் கைவிடுதல் நலம். ஊற்றியபின் இரண்டு நிமிடம் ஓட்டி நிறுத்தி, சற்றுப் பொறுத்து அளவுகோலைப் பார்க்கவேண்டும். சிறிய இறைப்பு இயந்திரங்கள் பலவற்றில் அளவுகோலைத் திருகாமல், வாயில் வெறுமனே செருகி எடுத்தே அளவு பார்த்தல் வேண்டும். திருகி எடுத்தால் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். மேற்குறிக்கு மேலே ஊற்றுவதும் தீங்கு. மிகுந்த எண்ணெய் நுரைத்துப் புகையாகப் போகும்.

கடையில் எண்ணெய் வாங்கும்போது கலனில் அச்சிட்டிருக்கும் எழுத்துக்களைப் பாருங்கள். ஏ.பி.ஐ. என்னும் குறியை அடுத்து வரும் எழுத்து "எஸ்" எனத் தொடங்கினால் அது பெற்றோல் இயந்திரத்துக்கு உரியது. "சி" எனத் தொடங்கினால் டீசலுக்கு உரியது. இரண்டும் குறித்திருப்பின் இரண்டுக்கும் உதவும். எஸ்.ஏ.ஈ. என்பதை அடுத்துவரும் இலக்கம் எண்ணெயின் தடிப்பைக் காட்டும். அது கைந்நூலிற் கூறியதாகவே இருத்தல் வேண்டும். முத்திரையில்லாத கலனில் மலிவாக விற்கும் எண்ணெய், வேறோர் இயந்திரத்தில் உழைத்து ஓய்ந்ததை வடிகட்டியதாகவும் இருக்கலாம். அதனை வாங்கி ஊற்றுவதற்குப் பழையதையே விட்டுவிடலாம்.

சூடடிக்கும் களத்தில் உழவு இயந்திரத்தை ஓட்டுவோர் காற்று வடிகட்டியையும் மறத்தலாகாது. அடியில் எண்ணெய்க் கிண்ணமுள்ள வடிகட்டியாயின், தூசியும் பதரும் பறக்கும் நாட்களில் அக்கிண்ணத்தைத் தினமும் கழற்றிப் பார்க்கவேண்டும். அங்கே தங்காத மண் சிலிண்டருக்குட் போகும். அங்கிருந்து எண்ணெய்க்குள் இறங்கும். அதன்பின் எண்ணெய் அரத்தூள் கலந்த குழம்பாகிவிடும். சேற்றில் இறங்கும் இயந்திரமாயின் கியர்ப்பெட்டியின் எண்ணெயையும் இடைக்கிடை பார்த்து, அது பால்நிறமாகியிருந்தால் நீர்த்தடுப்பு வளையத்தை மாற்றிவிடுக.

வடித்த எண்ணெயை என்செய்வது என்பதே எஞ்சிய கேள்வி. கிணற்றடியிலும் வாய்க்காலிலும் அதனை ஊற்றுவோரைக் கண்டிருக்கிறேன். யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலத்தடியே சுண்ணக்கல் ஆதலால், மேலே ஊற்றியது வெடிப்புகளூடாகக் கிணற்று நீரைச் சேர்வதற்கு நெடுங்காலம் செல்லாது. சுன்னாகத்திலும் அதன் அயலிலும் கிணற்று நீரில் எண்ணெய் கலந்திருந்தமை 2014, 2015 ஆம் ஆண்டுகளில் எத்துணைப் பெரிய பிரச்சினையாயிற்று என்பதை அங்குள்ளோர் அறிவர். ஆகவே வடித்த எண்ணெயை மூடியுள்ள கலனொன்றிற் சேர்த்துவைத்து, கழிவு எண்ணெய் எடுக்கும் கராஜில் ஒப்படைக்கவேண்டும். கையிற் பட்டதைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக; நெடுநாள் தோலிற் பட்டுவரின் அது புற்றுநோய்க்கும் ஏதுவாகும். எண்ணெய் இருந்த வெறுங்கலனைக் குடிநீருக்கோ விதைக்கோ பயன்படுத்தாது, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில், அடுத்த முறை வடிப்பதற்கென்றே கொட்டிலின் ஒரு மூலையில் வைத்துக்கொள்ளலாம்.